ஐரோப்பியச் சட்டத்தில் முதுகலைப் பட்டம்: யாருக்கு, எதற்கு?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் பள்ளியில் முன்பு படித்த மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் நம் வீட்டிற்கு வந்தாள். தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். தாய் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். மகள் தோட்டப் பள்ளியில் ஆறாண்டு படித்து, இடைநிலைப் பள்ளிக்குப் போய், பிறகு உள்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டம் பயின்று பட்டம் பெற்றவள். அந்த லயத்தில் அவள்தான் முதல் சட்டப் பட்டதாரி.

அவள் கையில் ஒரு கடிதம் இருந்தது. நெதர்லாந்து நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, ஐரோப்பியச் சட்டத்தில் முதுகலை படிக்க அவளுக்கு இடம் கொடுத்திருந்தது.

தந்தை நாற்காலியின் நுனியில் அமர்ந்தபடி கேட்டார்: "சார், இது என்னா படிப்பு? என் சேமநிதிக் காசு இருக்கு. அவ அம்மா சங்கிலி இருக்கு. போட்டுப் படிக்க வைக்கலாமா, வேணாமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அந்த ஒரு வார்த்தையை நம்மால் உடனே சொல்ல முடியவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் கற்றது குழந்தைகளுக்குக் கணக்கும் மொழியும் கற்பிக்கும் முறை. ஐரோப்பியச் சட்டத்தைப் பற்றி அங்கே யாரும் நமக்குச் சொல்லவில்லை. "இரண்டு வாரம் பொறுங்கள் அண்ணே, படித்துவிட்டுச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தோம். அந்த இரண்டு வாரத்திலும் அதற்குப் பிறகும் நாம் படித்துத் தெரிந்துகொண்டதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். இதே கேள்வி நாளை உங்கள் வீட்டு வாசலுக்கும் வரலாம் அல்லவா?

முதலில், ஐரோப்பியச் சட்டம் என்றால் என்ன? பிரான்ஸ் நாட்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. ஜெர்மனிக்குத் தனிச் சட்டம் உண்டு. அவற்றையெல்லாம் கூட்டிச் சேர்த்து வைத்தால் அது ஐரோப்பியச் சட்டம் ஆகிவிடாது. அந்த நாடுகள் ஒன்றுகூடி, தங்களுக்கு மேலே பொதுவாக அமைத்துக்கொண்ட ஒரு சட்டத்துக்கே அந்தப் பெயர்.

இது பிறந்த கதையைக் கேளுங்கள். 1945இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது ஐரோப்பா சாம்பல் மேடாகக் கிடந்தது. பிரான்சும் ஜெர்மனியும் எழுபது எண்பது ஆண்டுகளுக்குள் மூன்று முறை போரிட்டிருந்தன. மறுபடி போர் வராமல் தடுப்பது எப்படி? துப்பாக்கியும் பீரங்கியும் செய்ய நிலக்கரியும் இரும்பும் வேண்டும். அந்த இரண்டையும் ஒரு நாட்டின் கையில் விடாமல் பொது நிர்வாகத்தின் கீழ் வைத்துவிட்டால் ஒருவரை ஒருவர் அறியாமல் படை திரட்ட முடியாது. பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் 1950 மே 9ஆம் நாள் இந்த யோசனையை அறிவித்தார். 1951இல் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் அதற்கு ஒப்பந்தம் செய்தன. 1957இல் ரோம் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் பொதுச் சந்தையை உருவாக்கியது. 1992இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் அதை ஐரோப்பிய ஒன்றியம் ஆக்கியது. 2020 ஜனவரி இறுதியில் பிரிட்டன் வெளியேறிய பிறகு அதில் 27 நாடுகள் இருக்கின்றன.

நாடுகள் ஒப்பந்தம் செய்வது புதிதல்லவே, இதில் தனியாகப் படிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நம் தோட்டத்து அனுபவத்தைக் கொண்டே விளக்குகிறோம். தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிமார் சங்கமும் கூட்டு ஒப்பந்தம் செய்கின்றன. கையெழுத்துப் போடுபவர்கள் இரு சங்கத்துத் தலைவர்கள். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் சொன்ன கூலி நமக்குக் கிடைக்காவிட்டால், "நீ கையெழுத்துப் போடவில்லையே, உனக்கு ஏது உரிமை?" என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்வோமா? மாட்டோம். அந்த ஒப்பந்தம் நமக்காகச் செய்தது. அதன் பயனைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதே கேள்விதான் ஐரோப்பாவில் எழுந்தது. நெதர்லாந்து நிறுவனம் ஒன்று மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு ரசாயனப் பொருளை இறக்குமதி செய்தது. அதற்கு 3 விழுக்காடாக இருந்த சுங்க வரியை 8 விழுக்காடாக வசூலித்தார்கள். உறுப்பு நாடுகளுக்கிடையே வரியை உயர்த்தக் கூடாது என்று ரோம் ஒப்பந்தம் சொல்லியிருந்தது. "ஒப்பந்தம் செய்தவை அரசாங்கங்கள், ஒரு தனி நிறுவனம் அதைக் காட்டி வாதாடலாமா?" என்பது வழக்கு. லக்சம்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1963இல் "வாதாடலாம்" என்று தீர்ப்பளித்தது. இந்த ஒப்பந்தம் அரசாங்கங்களுக்கு மட்டும் உரியதன்று, மக்களுக்கும் உரிமை தருவது என்று விளக்கியது. மறு ஆண்டே, இத்தாலியில் ஒரு சிறிய மின்சாரக் கட்டணத்தைக் கட்ட மறுத்த ஒருவரின் வழக்கில், ஒரு நாட்டின் சட்டமும் பொதுச் சட்டமும் மோதினால் பொதுச் சட்டமே மேலானது என்று முடிவாயிற்று. இந்த இரண்டு தீர்ப்புகளும் அந்தப் படிப்புக்கு அடித்தளம். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் ஆரம்பத்திலேயே இவற்றைப் படிக்க வேண்டியிருக்கும்.

தொழிலாளர் குடும்பத்துக்கு நெருக்கமான தீர்ப்புகளும் உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறோம்.

பெல்ஜியம் நாட்டு விமான நிறுவனத்தில் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர் கப்ரியேல் டெஃப்ரென். அதே வேலையைச் செய்த ஆண்களுக்கு அவரைவிட அதிகச் சம்பளம். அதோடு, பெண்கள் நாற்பது வயதில் வேலையை விட வேண்டும் என்று விதி. அவர் விடவில்லை, வழக்குப் போட்டார். சம வேலைக்குச் சம கூலி என்று ரோம் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை ஒரு தொழிலாளி நேரடியாகவே நீதிமன்றத்தில் கேட்கலாம் என்று 1976இல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தத்தில் அந்த வரி எழுதிய நாளிலிருந்து எண்ணினால் பத்தொன்பது ஆண்டுகள்! காகிதத்தில் இருந்த உரிமை கைக்கு வர ஒரு பெண் விடாப்பிடியாக நிற்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, இத்தாலியத் தொழிலாளர்களின் வழக்கு. அவர்கள் வேலை செய்த நிறுவனங்கள் நொடித்துப் போயின. சம்பளப் பாக்கி கிடைக்கவில்லை. முதலாளி நொடித்துப் போனாலும் தொழிலாளிக்குப் பாக்கி கிடைக்க ஒவ்வொரு நாடும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1980இலேயே ஐரோப்பிய ஆணை இருந்தது. இத்தாலிய அரசு குறித்த காலத்தில் அதைச் செய்யவில்லை. அப்படிச் செய்யத் தவறியதால் விளைந்த நட்டத்துக்கு அரசே ஈடு கொடுக்க வேண்டியிருக்கும் என்று 1991இல் நீதிமன்றம் கூறியது. பிரான்கோவிச் வழக்கு என்று இதைச் சொல்வார்கள்.

இங்கே "ஆணை" என்று ஒரு சொல் வந்தது. ஐரோப்பியச் சட்டங்களில் முக்கியமான இரு வகைகளைப் புரிந்துகொண்டால் பாதி புரிந்த மாதிரி. தலைமை அலுவலகத்திலிருந்து, "நாளை முதல் எல்லாத் தோட்டங்களிலும் காலை ஆறு மணிக்குப் பெரட்டு" என்று கடிதம் வருகிறது என்று வையுங்கள். அது வந்தபடியே எல்லாரையும் கட்டுப்படுத்தும். இது ஒழுங்குவிதி. "ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு தோட்டத்திலும் நல்ல ஆயாக் கொட்டகை இருக்க வேண்டும், பலகையில் கட்டுவதா கல்லில் கட்டுவதா என்பது உங்கள் பொறுப்பு" என்று வந்தால், இலக்கு மட்டும் பொது, வழி அவரவருடையது. இது வழிகாட்டும் ஆணை. இத்தாலி தவறியது இரண்டாவது வகையில்.

இனிப் படிப்புக்கு வருவோம். சட்ட முதுகலைப் பட்டத்தை எல்.எல்.எம். என்பார்கள். சட்டத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களே பெரும்பாலும் இதில் சேரலாம். ஐரோப்பாவில் பல இடங்களில் இது ஓராண்டுப் படிப்பு. நெதர்லாந்தில் 1575இல் தொடங்கிய லைடன் பல்கலைக்கழகம், மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகம் போன்றவற்றில் ஆங்கிலத்திலேயே இதைப் படிக்கலாம். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் 1949இல் நிறுவிய ஐரோப்பியக் கல்லூரி இந்தத் துறைக்குப் பெயர் பெற்றது. அங்கே ஆங்கிலத்தோடு பிரெஞ்சு மொழியும் வேண்டும்.

ஓராண்டுதானே என்று எளிதாக எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படிப்பின் சுமையைப் புள்ளிகளால் அளக்கின்றன. ஓராண்டுக்கு 60 புள்ளி. ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,500 முதல் 1,800 மணி நேரம். வாரம் 40 மணி நேரம் வீதம் குறைந்தது 37 வாரம். வகுப்பில் உட்காரும் நேரம் இதில் ஒரு பகுதிதான். மீதி நேரமெல்லாம் தீர்ப்புகளைப் படிப்பதும் எழுதுவதும். முடிவில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும்.

ஒன்றியத்தின் அமைப்பு, மக்களின் அடிப்படை உரிமைகள், போட்டிச் சட்டம், வெளிநாட்டு வாணிகம் ஆகியவற்றை அங்கே கற்பிப்பார்கள். எல்லாவற்றுக்கும் நடுவே இருப்பது பொதுச் சந்தை. சரக்கு, மக்கள், சேவை, மூலதனம் ஆகிய நான்கும் நாட்டு எல்லையைத் தடையின்றிக் கடக்க வேண்டும் என்பது அதன் கொள்கை.

நம் நாட்டில் சட்டம் பயின்றவர்களுக்கு அங்கே ஒரு புதுமை காத்திருக்கிறது. நம் நீதிமன்ற முறை ஆங்கிலேயர் வழி வந்தது. இங்கே ஒரு நீதிபதி மற்றவர்களோடு மாறுபட்டால் தம் கருத்தைத் தனியே எழுதலாம். லக்சம்பர்க் நீதிமன்றத்தில் நாட்டுக்கு ஒருவராக 27 நீதிபதிகள் இருக்கிறார்கள். வழக்கை எத்தனை பேர் கேட்டாலும் ஒரே தீர்ப்புத்தான் வெளிவரும். மாறுபட்ட கருத்து வெளியே வராது. இன்னொன்று, உள்ளூர் நீதிபதிக்குப் பொதுச் சட்டத்தின் பொருளில் ஐயம் வந்தால், வழக்கை நிறுத்திவைத்து லக்சம்பர்க்குக் கேள்வி எழுதி அனுப்பலாம். அங்கிருந்து பொருள் விளக்கம் வரும். அதைக் கொண்டு வழக்கை முடிப்பவர் உள்ளூர் நீதிபதியே. நாம் மேலே சொன்ன வழக்குகள் எல்லாம் இப்படிக் கேள்வியாகப் போனவைதான்.

இந்தப் படிப்பால் தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன பயன்? இதைத்தான் தந்தையும் கேட்டார். கேட்டவர், ஏதோ நினைவு வந்தவராக, "போன மாசம் நம்ம தோட்டத்தை மெஷின் வெச்சு அளந்தாங்க சார். யூரோப்புக்காரன் கேக்கிறானாம். அவனுக்கும் நம்ம குலைக்கும் என்னா சம்பந்தம்?" என்றார்.

சம்பந்தம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஓர் ஒழுங்குவிதி இயற்றியது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பொருள் ஐரோப்பியச் சந்தைக்குள் வரக் கூடாது என்பது அதன் சாரம். செம்பனை எண்ணெய், ரப்பர், கொக்கோ, காப்பி, சோயா, மரம், மாடு ஆகிய ஏழும் அதில் அடங்கும். எந்த நிலத்தில் விளைந்தது என்பதைப் பூகோள அளவையோடு காட்ட வேண்டும். விளைந்த நாட்டின் சட்டப்படி விளைந்ததா என்றும் பார்க்க வேண்டும். தொழிலாளர் உரிமைகளும் அந்தச் சட்டங்களில் சேரும். சிறு தோட்டக்காரர்களுக்குச் சுமை என்ற முறையீடுகளும் ஆயத்தக் குறைவும் எழ, நடைமுறைக்கு வரும் நாள் ஒரு தடவைக்கு மேல் ஒத்திவைக்கப்பட்டது.

எரிபொருளுக்குப் பயன்படும் செம்பனை எண்ணெய் பற்றிய ஐரோப்பிய விதிகளை எதிர்த்து, மலேசியா 2021இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச்சில் அறிக்கை வந்தது. சுற்றுச்சூழலுக்காக விதி செய்யும் உரிமையை அது பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது. விதியை வகுத்து நடத்திய முறையில் குறைகளைக் கண்டது.

ஆகவே நேயர்களே, எங்கோ இயற்றப்படும் ஒரு சட்டம் நம் தோட்டத்துப் பனைக்கடியில் வந்து நிற்கிறது. அதைப் படித்துப் புரிந்து, நம் பக்கத்து நியாயத்தை எடுத்துச் சொல்ல ஆட்கள் வேண்டும். அமைச்சுகளுக்கு வேண்டும், ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வேண்டும், தொழிற்சங்கங்களுக்கும் வேண்டும். தொழிலாளர் உரிமையும் பார்க்கப்படும் என்று அந்த விதி சொல்லும்போது, லயத்தில் வளர்ந்த ஒரு பிள்ளை அதைப் படித்திருந்தால் நன்றல்லவா?

இதுவரை சொன்னது ஒரு பக்கம். மறு பக்கத்தையும் மறைக்காமல் சொல்வது ஆசிரியர் கடமை.

இந்தப் பட்டம் மட்டும் ஒருவரை வழக்கறிஞர் ஆக்காது. மலேசியாவில் வழக்காட, 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற் சட்டம் குறிக்கும் தகுதி வேண்டும். ஒன்பது மாதம் ஒரு வழக்கறிஞரின் கீழ்ப் பயிற்சியும் வேண்டும். ஐரோப்பியச் சட்ட முதுகலை அதற்கு ஈடாகாது. ஐரோப்பாவிலும் ஒவ்வொரு நாட்டு வழக்கறிஞர் மன்றத்துக்கும் தனித் தகுதிகள் உண்டு. "மேல்படிப்புப் படித்தால் அங்கேயே வக்கீல் ஆகலாம்" என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

செலவும் சிறிதன்று. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் நெதர்லாந்து போன்ற நாடுகளில் உள்நாட்டாரைவிடப் பல மடங்கு கட்டணம் வாங்குகிறார்கள். அதோடு வீட்டு வாடகை, சாப்பாடு, குளிருக்கு உடை. ஓராண்டு வாழப் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் விசா. நம் வெள்ளியை யூரோவாக மாற்றும்போது அது எவ்வளவு சுருங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் உறவினர் ஒருவர் தம் மகனுக்காக ஓர் இடைத்தரகரிடம் முன்பணம் கட்டினார். வெளிநாட்டில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்னவர், பல மாதம் இழுத்தடித்தார். பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை. பையன் தானே விண்ணப்பித்திருந்தால் செலவாகியிருக்கக் கூடியது சிறு தொகை. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. இந்தப் பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களே நேராக விண்ணப்பிக்கலாம்.

உதவித் தொகைகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2004 முதல் எராஸ்மஸ் முண்டுஸ் என்ற திட்டத்தை நடத்தி வருகிறது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்புகளுக்கு உலகின் எந்த நாட்டு மாணவரும் அதில் உதவி கேட்கலாம். எல்லாத் துறைகளும் எல்லா ஆண்டும் இருப்பதில்லை. ஆகவே அந்தந்த ஆண்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித் தொகைக்கு மலேசியர்கள் விண்ணப்பிக்கலாம். அதற்கு இரண்டாண்டு வேலை அனுபவம் தேவை. பல்கலைக்கழகங்களே தரும் உதவிகளும் உண்டு. கடல் கடக்க வசதியில்லாதவர்களுக்கு லண்டன் பல்கலைக்கழகம் தொலைக்கல்வி வழியாகச் சட்ட முதுகலை நடத்துகிறது. வேலை பார்த்துக்கொண்டே அதைப் படிக்கலாம்.

இரண்டு வாரம் கழித்துத் தந்தையும் மகளும் மறுபடி வந்தார்கள். இந்த முறை தாயும் வந்தார். நாம் அறிந்ததையெல்லாம் சொன்னோம். சேமநிதியில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் உயர்கல்விக்கு எடுக்க விதி இடங்கொடுக்கிறது. ஆனால் அது ஐம்பத்தைந்து வயதுக்குப் பிறகு இந்த இருவருக்கும் சோறு போட வேண்டிய பணம். "படிப்பு நல்ல படிப்பு அண்ணே. ஆனால் உங்கள் கிழ வயதுச் சோற்றை அடகு வைத்து இப்போதே ஓட வேண்டிய படிப்பு அல்ல" என்றோம்.

தந்தையின் முகம் வாடியது. "கெடைச்ச எடம் போயிடுமே சார்" என்றார். மகள்தான் பதில் சொன்னாள். "எடம் மறுபடி கேட்டு வாங்கலாம்ப்பா. ஒங்க காச மறுபடி சம்பாதிக்க முடியாது."

அவள் கடிதத்துக்கு நன்றி எழுதி, இப்போது வர இயலவில்லை என்று தெரிவித்தாள். இங்கேயே ஒன்பது மாதப் பயிற்சியை முடித்து வழக்கறிஞராகப் பதிவு பெற்றாள். தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தாள். உதவித் தொகைக்கு முதல் முறை எழுதியபோது கிடைக்கவில்லை. மறுபடி எழுதியிருக்கிறாள், பதில் இன்னும் வரவில்லை. இடையில் பிரெஞ்சு கற்றுக்கொள்கிறாள். தாயின் சங்கிலி கழுத்தில் இருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளை ஒரு கடிதத்தோடு வந்து நின்றால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்பில் என்ன கற்பிக்கிறார்கள்? முடித்தால் எந்த வேலைக்குத் தகுதி வரும், எந்த வேலைக்கு வராது? முழுச் செலவு எவ்வளவு? யாருடைய பணம்? நான்குக்கும் தெளிவான பதில் கிடைத்தால் அஞ்ச வேண்டாம், அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் பொறுங்கள். ஓராண்டு தாமதித்தால் படிப்பு எங்கும் ஓடிப் போகாது. ஆனால் தூரத்து ஊர்ப் படிப்பு நமக்கெதற்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் குலையை அளக்கும் சட்டத்தை நம் பிள்ளைகளும் படிக்கட்டும்.